1,400 கோடி ஆண்டை அளப்பது

ராதாபுரத்துத் தங்கைக்கு,

தோரியத்தின் அரை ஆயுட்காலம் 1,400 கோடி ஆண்டு என்கிறார்களே, அத்தனை காலம் இருந்து பார்த்தது யார் என்று கேட்டிருந்தாய். கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

யாரும் இருந்து பார்க்கவில்லை, எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கிராம் தோரியம்-232-ல் உள்ள அணுக்களைச் சொல்ல, 26 எழுதிப் பின்னால் இருபது சுழியம் போடவேண்டும். அவற்றில் நொடிக்கு ஏறக்குறைய 4,060 அணுக்கள் ஆல்ஃபா துகளை வீசிச் சிதைகின்றன. அணுக்களின் எண்ணிக்கையை 0.693-ஆல் பெருக்கி, 4,060-ஆல் வகுத்தால் அரை ஆயுள், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், நொடிக்கணக்கில் வரும். நீயே போட்டுப் பார். கஷ்டமெல்லாம் எண்ணுவதில்தான். எண்ணுவதற்காகப் பூசிய தோரியப் பூச்சு கனமாக இருந்தால் ஆல்ஃபா அதற்குள்ளேயே நின்றுவிடும். தோரியத்தின் வழித்தோன்றல்களும் ஆல்ஃபா வீசும், ஆற்றலைப் பார்த்து அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். அயோடின்-131-க்கு இந்தப் பாடில்லை. எட்டு நாளில் பாதியாகிவிடும். தினமும் அளந்து கோடு போட்டால் போதும்.

இப்படி அளப்பது உன் தாலுகாவின் விஷயமும்கூட. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் உலை 2013 ஜூலையிலும், இரண்டாவது 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின. அங்குள்ள சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் மண், தண்ணீர், பால், மீன் எல்லாவற்றையும் அளக்கிறது. இப்படி அளக்க உதவும் ஜெர்மானியம் டிடெக்டரைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து வைப்பார்கள். 662 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் காமா வந்தால் சீசியம்-137, 1,461-ல் வந்தால் பொட்டாசியம்-40. பின்னது இடிந்தகரையில் பிடிக்கும் மீனிலும் உண்டு, நம் உடம்பிலும் உண்டு. பூமி தோன்றியபோதே இருந்தது.

சீசியம்-137 கிடைத்தாலே உலைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் அதை உலகமெங்கும் தூவிவிட்டன. 30 ஆண்டு அரை ஆயுள் என்பதால் இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால் கூடவே சீசியம்-134 இருந்தால் கதை வேறு. அதன் அரை ஆயுள் இரண்டே ஆண்டு. குண்டுச் சோதனையின் மிச்சமாக அது இன்று இருக்கவே முடியாது. அண்மையில் ஏதோ ஓர் உலையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு கலிஃபோர்னியாக் கடலில் பிடித்த சூரை மீனில் அதைக் கண்டுதான், ஜப்பானிலிருந்து வந்தது என்று உறுதி செய்தார்கள்.

ஆகவே, "கதிர்வீச்சு இருக்கிறதா" என்று கேட்டால் பதில் எப்போதும் "இருக்கிறது" என்பதே. அதை வைத்து அஞ்சவும் முடியாது, ஆறுதல் கொள்ளவும் முடியாது. எந்த ஐசோடோப்பு, எத்தனை பெக்கெரல் (நொடிக்கு எத்தனை சிதைவு), உலை ஓடுவதற்கு முன் எவ்வளவு என்று கேள். அந்தக் கணக்கு தமிழில் ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் தொங்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைப் பற்றித் தனியாகக் கேள். காமா வீசாததால் ஜெர்மானியம் டிடெக்டருக்கு அது தென்படாது. தண்ணீரை ஒளிரும் திரவத்தோடு கலந்து, அதில் தோன்றும் ஒளிப்பொறிகளை எண்ணித்தான் அறிய முடியும்.

அன்புடன்,
உன் அண்ணன்