தண்ணீர் வராத காட்டில் எந்த ஒயர்?

ஜலகண்டாபுரம் பக்கம் சாயங்காலம் ஏழு மணிக்கு மீடியம் வேவ் ரேடியோவைத் திறந்து பாருங்கள். திருச்சி 936க்கும் கோவை 999க்கும் நடுவில் ஒரு சீறல் படர்ந்து கிடக்கும். தறிக்கூடத்து எல்இடி விளக்கு, வீட்டு இன்வெர்ட்டர், மலிவான செல்போன் சார்ஜர், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர், போதாததற்கு மேட்டூர் மின் நிலையங்களிலிருந்து வரும் உயர் அழுத்தக் கம்பிகள். 160 மீட்டர், 80 மீட்டர் பட்டைகளில் அமெச்சூர் ரேடியோக்காரர்களான ஹாம்கள் பேசுவதைக் கேட்க ஆசைப்படுகிறவருக்கு முதல் தடை இந்தச் சீறல்தான். மாடியில் உயரமாக ஏரியல் கட்டினால் நிலையம் உரக்கக் கேட்கும். சீறலும் அதே அளவு உரக்கக் கேட்கும்.

அந்த ஏரியலைத் தரையில் இறக்கிவிட்டால் நிலைமை மாறுகிறது. மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் ஒயரில் பக்கத்து வீட்டு மின்கம்பிகளின் இரைச்சல் அவ்வளவு எளிதில் ஏறாது. தூரத்து நிலையமும் மெலிந்துதான் போகும், ஆனால் இரைச்சல் அதைவிட அதிகமாக மெலியும். கேட்பதற்கு அந்த வித்தியாசம் போதும். குறையும் உரப்பை ஒரு முன்பெருக்கி ஈடுகட்டிவிடும். இது கேட்பதற்கு மட்டுமே. அனுப்புவதற்கு ஆகாது, சக்தியெல்லாம் மண்ணிலேயே தீர்ந்துவிடும்.

தாழ ஒயர் இழுத்துக் கேட்கும் இந்த வித்தை நூறு வயதைத் தாண்டியது. அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் பெவரேஜ் தன் நீள ஒயர் ஆன்டெனாவுக்கு 1921இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் பால் காட்லி கூடாரம் அடித்துத் தங்கி, அந்த ஒயரைக் கொண்டு அட்லாண்டிக்கின் அக்கரையிலிருந்து வந்த அமெச்சூர் சிக்னல்களைப் பிடித்தார். நிலத்தை உரசிக்கொண்டு வரும் ரேடியோ அலை, மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத இடத்தில் முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்கிறது. அந்தச் சாய்வுதான் படுத்துக் கிடக்கும் ஒயரில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. நஞ்சை வயலில் சாய்வு குறைவு. பாறை நிலத்தில் அதிகம்.

நம் பக்கத்து நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே சார்னோக்கைட்டும் நைஸும். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறந்த காடுகளை எல்லோருக்கும் தெரியும். போர் போட இடம் பார்க்க வருகிற நிலத்தடி நீர் ஆய்வாளர் நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து மண்ணின் மின்தடையை அளப்பார். ஓம்-மீட்டர் எண் பெரிதாக வந்தால் தண்ணீர் கிடைப்பது சந்தேகம் என்பார். அந்தத் தாள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். விவசாயிக்கு நெஞ்சை அடைக்கும் அதே எண், குறைந்த அலைவரிசை கேட்கிறவருக்கு நல்ல சேதி. எந்த ஆன்டெனாவைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் கேள்வி எந்த இடம் என்பதுதான். என் பதில்: உங்கள் நிலத்தில் தண்ணீர் வராத மூலை.

அடுத்த கேள்வி, என்ன கேட்க வேண்டும்?

160, 80, 40 மீட்டர் பட்டைகளில் ஹாம் பேச்சும் மோர்ஸும்தான் வேண்டும், இடமும் கொஞ்சம்தான் என்றால் தரை வளையத்தில் தொடங்குங்கள். பக்கத்துக்கு 4.5 மீட்டர் வீதம் ஒரு சதுரம். சுற்றளவு 18 மீட்டர், மொத்தத்தில் அரை சென்ட் இடம். காப்பு உள்ள சாதாரண வீட்டு ஒயர் போதும். ஒயரின் இரு முனையும் சேரும் இடத்தில் ஃபெரைட் கோர் மீது சுற்றிய சிறு டிரான்ஸ்ஃபார்மர்: வளையத்தின் பக்கம் ஆறு சுற்று, ரிசீவர் பக்கம் இரண்டு சுற்று. இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருப்பது முக்கியம். இரண்டையும் ஒரே எர்த்தில் சேர்த்துவிட்டால் வீட்டு இரைச்சல் கேபிளின் வெளித்தோல் வழியாக நடந்து வந்து வளையத்தில் ஏறிக்கொள்ளும். பாடுபட்டுத் தரையில் இறங்கியதெல்லாம் வீண். அங்கிருந்து வீடு வரை பழைய கேபிள் டிவி ஒயரே போதும்; பல வீடுகளில் அது சும்மா சுருண்டு கிடக்கிறது. வளையத்தை வீட்டுச் சுவரிலிருந்து இருபது முப்பது அடியாவது தள்ளிப் போடுங்கள். இதன் குறை, மெல்லிய சிக்னல். 160 மீட்டரில் முன்பெருக்கி இல்லாமல் சரிப்படாது.

ஒரு ஏக்கர் காடு கையில் இருந்தால் தரையில் கிடக்கும் பெவரேஜ் நல்ல தேர்வு. கடையில் வீட்டு ஒயர் 90 மீட்டர் சுருளாக வருகிறது. சதுரமான ஒரு ஏக்கரின் மூலைவிட்டமும் கிட்டத்தட்ட 90 மீட்டர்தான். சுருளைப் பிரித்து ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நேராகப் போட்டால் வேலை முடிந்தது. மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் ஒயரில் அலை ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் ஓடும், அதனால் 1.8 மெகாஹெர்ட்ஸுக்கு 60 முதல் 90 மீட்டர் நீளமே ஒத்துவரும். ஒயர் நீளும் திசையில் உள்ளவை நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் உள்ளவை அடங்கும். ஆகவே ஊரின் தறிகள் ஒயருக்குப் பக்கவாட்டில் அமையும்படி திசையைப் பார்த்து இழுங்கள். இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் கம்பம் நட்டு முறையான பெவரேஜ் கட்டினால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது உண்மைதான். அதற்குக் குறைந்தது 160 மீட்டர் நீளமும், வரப்பு தாண்டிப் போகப் பக்கத்துக் காட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். முதல் முயற்சிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஒயரை ஓரடி ஆழத்தில் புதைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜேம்ஸ் ஹாரிஸ் ரோஜர்ஸ் அமெரிக்காவில் புதை ஆன்டெனாக்களைச் செய்து காட்டினார், அவை நன்றாகவே கேட்டன. ஆனால் புதைப்பதால் மேலே கிடப்பதைவிடப் பெரிய ஆதாயம் இல்லை. எங்கே அறுந்தது என்று தேடும் பாடு மட்டும் மிச்சம். மாடு கால் வைக்கும் பாதையைக் கடக்கும் இடத்தில் மட்டும் ஒரு பழைய பிவிசி குழாய்க்குள் நுழைத்துப் புதைத்தால் போதும்.

எனக்கு மனசுக்குப் பிடித்தது நான்காவது வகை, மண் இருமுனை. அறுபது எழுபது மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகளைத் தரையில் அடித்து, அவற்றை ஒரு ஒயரால் இணைத்து, நடுவில் ரிசீவரைச் செருகுவது. பார்ப்பதற்கு வெறும் ஒயர். உண்மையில் அது ஒரு பிரம்மாண்ட வளையம், அதன் கீழ்ப்பாதி மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு முனையில் இறங்கும் மின்னோட்டம் ஆழமாகப் போய் மறுமுனையில் ஏறுகிறது. எவ்வளவு ஆழம்? மின்தடை எண்ணை அலைவரிசையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503ஆல் பெருக்கினால் அலை மண்ணில் ஊடுருவும் ஆழம் மீட்டரில் வரும். 18.2 கிலோஹெர்ட்ஸில், 25 ஓம்-மீட்டர் களிமண்ணில் அது 19 மீட்டர். 1000 ஓம்-மீட்டர் பாறையில் 118 மீட்டர். ஒரே ஒயர், ஒரே கம்பி. பாறை மேல் போட்டால் வளையம் ஆறு மடங்கு ஆழமாகிவிடுகிறது. அமெரிக்கக் கடற்படை 76 ஹெர்ட்ஸில் நீர்மூழ்கிகளோடு பேச விஸ்கான்சினின் பழம்பாறை நிலத்தைத் தேடிப் போனதும் இதே காரணத்துக்காகத்தான்.

18.2 என்ற எண்ணைக் காரணத்தோடுதான் எடுத்தேன். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படை நிலையத்தின் மிகத் தாழ்ந்த அலைவரிசைகளில் ஒன்று அது. ஜலகண்டாபுரத்திலிருந்து ஏறக்குறைய நேர் தெற்கே, 370 கிலோமீட்டர். மண் இருமுனை, ஒயர் நீளும் திசையில்தான் நன்றாகக் கேட்கும், ஆகவே தெற்கு வடக்காக இழுங்கள். இதற்கு ரிசீவரே வேண்டாம். லேப்டாப்பின் ஒலி அட்டை 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பதிந்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். ஒயருக்கும் மைக் துளைக்கும் நடுவே ஒரு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், எதிரெதிராக இரண்டு டையோடு, அவ்வளவுதான். கட்டபொம்மன் அனுப்பும் செய்தி மறைகுறி. அது நமக்கு வேண்டாம். திரையில் அந்த சிக்னல் இழுக்கும் கோட்டின் பலம் விடியலிலும் அந்தியிலும் எப்படி மாறுகிறது, சூரியனில் வெடிப்பு நடந்தால் எப்படித் துள்ளுகிறது என்பதை நாளெல்லாம் பதிவு செய்யலாம். ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப்பிலிருந்து 19.8இல் வரும் சிக்னலையும் தேடிப் பாருங்கள், 5,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வருவது. அது தென்கிழக்குத் திசை என்பதால் அதற்கென்று ஒயரைத் திருப்ப வேண்டியிருக்கலாம். இரவில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் மின்னல்களின் படபடப்புக்கு இடையே 'ட்வீக்' என்ற சின்னச் சின்னக் கீச்சொலிகள் கேட்கும். தொலைதூர மின்னலின் ரேடியோத் துடிப்பு, தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே எதிரொலித்து வந்து சேர்வது அப்படித்தான்.

மண் இருமுனைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முதல் தடவை போட்டபோது எனக்குக் கேட்டது 50 ஹெர்ட்ஸ் முனகல் மட்டும்தான், திரை முழுக்க அதன் கோடுகள். இரண்டு நாள் ஒயரைச் சந்தேகித்தேன். கடைசியில் ஒரு கம்பி, கிணற்று மோட்டாரின் எர்த் குழியிலிருந்து பத்தடி கூட இல்லாத இடத்தில் நிற்பது தெரிந்தது. கசியும் மின்சாரமெல்லாம் மண் வழியாக நேரே என் லேப்டாப்புக்கு வந்துகொண்டிருந்தது. கம்பியைக் காட்டின் மறுகோடிக்கு மாற்றினேன், பாதி குறைந்தது. மீதி எங்கிருந்து வருகிறது என்பது, மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளன்று தெரிந்தது. காலை ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, ஊரே மூச்சை அடக்கியது போல இருந்தது. திரையில் முனகல் கோடுகள் மறைந்த இடத்தில் 18.2 தனியாக, வெள்ளையாக நின்றது. எந்த ஆன்டெனாவைச் சோதிப்பதாக இருந்தாலும் அந்த ஒரு பகலை விடாதீர்கள். அன்று கேட்பதுதான் உங்கள் இடத்தின் உண்மையான தரம். மறுநாள் கூடுவதெல்லாம் ஊரின் இரைச்சல்.

இன்னொன்று. காடு வறண்டிருப்பது நல்லது, ஆனால் கம்பி அடித்த இடம் மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். எர்த் குழிக்குச் செய்வது போலவே கரியும் உப்பும் போட்டு, வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டு மின் இணைப்பின் எர்த்தை எக்காரணம் கொண்டும் கம்பியாகப் பயன்படுத்த வேண்டாம். இடி முழங்கினால் ஒயரை ரிசீவரிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். தரையில் கிடக்கிறதே என்று மின்னல் விட்டுவைக்காது.

காலம் பார்த்துப் போடுவதிலும் பாதி வெற்றி இருக்கிறது. ஆடிப்பட்டத்துக் கடலைக்காய் பிடுங்கி முடிந்து காடு காலியாகும்போது வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் வானத்து இரைச்சல் மிகக் குறைவு. சித்திரைக் கோடை இடி தொடங்கியதும் 160 மீட்டரில் படபடப்பைத் தவிர வேறொன்றும் கேட்காது. மரவள்ளி வைத்த காடு மாதக்கணக்கில் ஒழியாது, அங்கே தரை வளையம் மட்டுமே சாத்தியம், அதுவும் வீட்டோரத்தில். முதல் உழவுக்கு டிராக்டர் வருவதற்குள் ஒயரைச் சுருட்டிவிட வேண்டும். கல்டிவேட்டர் கொழு ஒயரை அறுத்தால் கூடப் பரவாயில்லை, சுற்றிக்கொண்டால் அன்றைய உழவே நின்றுவிடும். ஆகையால் ஒயர் போகிற வழியில் பத்தடிக்கு ஒரு குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். உழ வருகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லியும் வையுங்கள்.