நாய்ப் பயிற்சியும் நம் அடுக்களையும்

நாய் வளர்க்கும் நம் சங்க அன்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: "சார், 'உட்கார்' என்றால் கேட்கவே மாட்டேன் என்கிறது. என்ன கொடுத்துப் பழக்குவது?" ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின் இங்கே நாகபுரியில் மூன்று நாய்களைப் பழக்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நாய் கூலிக்குத்தான் வேலை செய்கிறது. அந்தக் கூலி சிறிதாக, மெத்தென்று, மணமுள்ளதாக இருக்க வேண்டும். கெட்டி பிஸ்கட்டைக் கொடுத்தால், கடித்துச் சிதறிய தூளை நக்கி முடிப்பதற்குள் எதற்காகக் கிடைத்தது என்பதே அதற்கு மறந்துவிடும். உட்கார்ந்த ஓரிரு விநாடிக்குள் தீனி வாய்க்குப் போக வேண்டும். எழுந்தபின் கொடுத்தால், எழுந்ததற்கே பரிசு என்று எடுத்துக்கொள்ளும். வண்டி தாண்டியபின் சிக்னல் இறங்கி என்ன பயன்?

அளவுக்கு வருவோம். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி தேவை. பயிற்சித் தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. 60 கலோரி என்றால் சுமார் 20 கிராம் பனீர். அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் ஏறக்குறைய 150 துண்டு வரும். தாராளம்!

வீட்டுக்குள் வேகவைத்த காரட்டே போதும். தெருவில் வேறு நாய்கள், தர்ரி போஹா வண்டியின் வாசனை எல்லாம் போட்டிக்கு நிற்கும். அங்கே பனீரோ, உப்பு மசாலா சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழியோ வேண்டும். உயர்ந்ததை எப்போதும் கொடுத்தால் அதன் மதிப்பு போய்விடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் நாம் போடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எத்தனை தின்றால் ஆபத்து என்று வரையறுத்துச் சொல்ல முடியாது. நாய்க்கு நாய் மாறும். டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2022-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். புளி தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகக் கோளாறு வந்ததை அதில் காட்டியிருக்கிறார்கள். புளியில் அந்த அமிலம் நிறைய உண்டு. ஆகவே புளியோதரை, ரசம் சாதம், சாம்பாரில் தோய்த்த இட்லி எதுவும் வேண்டாம். சாம்பாரில் வெங்காயம் வேறு இருக்கிறது. அதுவும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெறும் இட்லியில் ஒரு துணுக்கு தரலாம். சாக்லேட்டும், சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம்மும் விஷமே.

ஊரிலிருந்து பாட்டி, தாத்தா வந்திருந்தால் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். அன்பு மிகுதியில் ஒரு கவளம் போட்டுவிடுவார்கள். திராட்சையைத் தின்றுவிட்டது தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். அந்த உப்பே நாய்க்கு ஆபத்து.