டேப்பைச் சுட்டால் கிராஃபீன்

நம்ம வொர்க்‌ஷாப்ல அக்ரிலிக் வெட்டுற கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷினை எல்லாரும் பார்த்திருப்பீங்க. சிம்போசியம் வந்தா நேம் போர்டும் கீ செயினும் வெட்டும். மத்த நாள் தூங்கும். அதுலயே வளையும் சர்க்யூட் செய்யலாம்னு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வரைக்கும் எனக்குத் தெரியாது.

2014-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு இதை வெளியிட்டது. பாலிஇமைடு, அதாவது கேப்டான் என்று நாம் வாங்கும் மஞ்சள் ஷீட், மேல் இந்த லேசர் ஓடினால் ஓடின கோடு மட்டும் கறுத்து மின்சாரத்தைக் கடத்தும். வெறும் கரி இல்லை, கிராஃபீன்.

லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். அந்த அகச்சிவப்பைப் பாலிமர் உறிஞ்சியதும், பட்ட இடத்தில் மட்டும் வெப்பம் 2500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆக்சிஜன், நைட்ரஜன் பிணைப்புகள் உடைந்து வாயுவாகக் கிளம்பிடும். மிச்சக் கார்பன் அறுகோண வலையாகச் சேரும். வாயு போன வழியெல்லாம் துளை, இட்லி மாதிரி. சூடு கண நேரம்தான் என்பதால் அடியில் ஷீட் தப்பிச்சுடும். ஃபர்னஸ்ல வெச்சா மொத்த ஷீட்டும் போயிருக்கும்.

சொல்றது ஈஸி. முதல் நாள் பவரைக் கூட்டினோம், சாம்பலா உதிர்ந்தது. குறைச்சோம், பழுப்புக் கோடு. மல்டிமீட்டர்ல ஓப்பன் சர்க்யூட். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சின்ன இடைவெளியைப் பிடிக்க ரெண்டு வாரம் ஆச்சு. ரிவ்யூவுக்கு மூணே நாள் மிச்சம்.

ரிவ்யூல எல்லாரும் மாட்டுற கேள்வி: ஷீட் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு? மல்டிமீட்டர் காட்டுற எண்ணை அப்படியே சொல்லாதீங்க. எங்க கோடு 20 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலம். அகலத்தை வைத்து சதுரங்களாக வெட்டினால் 10 சதுரம். அளந்தது 420 ஓம், அப்போ சதுரத்துக்கு 42 ஓம். ரைஸ் குழுவுக்கு 15-க்கும் கீழே கிடைத்தது, நமக்கு இன்னும் தூரம் இருக்கு. இன்னொண்ணு, ப்ரோபை நேரா அழுத்தினா கிராஃபீன் நொறுங்கி ரீடிங் ஆடும். ரெண்டு முனையிலும் சில்வர் பேஸ்ட் தடவி அளங்க.

விரல்ல ஒட்டி மடக்கினா ரெசிஸ்டன்ஸ் மாறும். அதுவே பெண்ட் சென்சார். நாலஞ்சு தடவைக்கு மேல விரல்ல கறுப்புப் பொடி ஒட்டுச்சு, மேலே சிலிக்கோன் ஊத்தின பிறகுதான் நின்னுச்சு.

செஞ்சு பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு: டேப்தானேன்னு எலக்ட்ரீஷியனோட இன்சுலேஷன் டேப்பை மெஷினுக்குள்ள வெச்சுடாதீங்க. அது பிவிசி, சுட்டா ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலுக்கும் ஆகாது, லென்சுக்கும் ஆகாது. கேப்டானா இருந்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதான்னு பார்த்துட்டு ஸ்டார்ட் அமுக்குங்க.