பறையும் கிதாருமாகக் குழு தொடங்கும் பிள்ளைகளுக்கு

தருமபுரிப் பக்கத்துத் தம்பிகளே, தங்கச்சிகளே, பாட்டால் சாதியை எதிர்க்கக் கிளம்பியிருக்கிறீர்கள். மனம் நிறைகிறது. சிலவற்றைச் சொல்லி அனுப்புகிறேன்.

1. எல்லாம் கற்ற பிறகுதான் மேடை என்று காத்திருக்காதீர்கள். 1976, 77-இல் லண்டனில் பங்க் இசை கிளம்பியபோது, கிதாரில் மூன்று கார்டு மட்டுமே தெரிந்த பிள்ளைகளே குழு தொடங்கினார்கள்.

2. கோபம் மட்டும் போதாது, அது யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். 1976 ஆகஸ்டில் ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளைத் தூற்றிப் பேசினார். அதை எதிர்த்துத்தான் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் எழுந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் பங்க் குழுவான கிளாஷும், கறுப்பினப் பிள்ளைகளின் ரெகே குழுவான ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடையில் வாசித்தார்கள். அதே பங்க் இசையில் தொடங்கிய ஸ்க்ரூடிரைவர் குழுவோ பின்னால் வெள்ளை இனவெறியைப் பாடியது.

3. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பாடல்களைக் கேளுங்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயருக்கு வேர், சாதியை எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சொல். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் கானா, ராப், ராக், பறை எல்லாம் கலந்து, இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் சென்னைப் பேச்சிலேயே பாடினார்கள். நீங்கள் அந்தப் பேச்சைக் காப்பியடிக்க வேண்டாம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறுகிறவர்களையும், ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறையான பிள்ளைகளையும் நம்மூர்ப் பேச்சில் பாடுங்கள்.

4. பறையைக் காய்ச்சப் பழகுங்கள். சுள்ளியில் தீ மூட்டி, சற்றுத் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். தோல் கருகக் கூடாது. அடி சொல்லித் தரும் பெரியவர், சாவுக்கு அடித்தே ஆக வேண்டுமென்று ஊரால் கட்டாயப்படுத்தப்பட்டவராக இருக்கலாம். அவரை வாத்தியார் என்று கூப்பிடுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கையில் கொடுங்கள்.

5. பெண்பிள்ளைகளைக் கோரஸில் நிறுத்திவிடாதீர்கள். காஸ்ட்லெஸ் கலெக்டிவிலேயே தொடக்கத்தில் இசைவாணி ஒருவர்தான் பெண். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர் அவர். கடைசி பஸ்ஸுக்கு முன் பயிற்சியை முடியுங்கள். இல்லையென்றால் அவர்களை வீட்டில் விட்டுவர ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

6. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் காலனிகளில் வீடுகள் கொளுத்தப்பட்டன. ஒரு காதல் கல்யாணம்தான் சாக்கு. அதைப் பாட நினைத்தால், முதலில் அங்கே போய் உட்கார்ந்து கேளுங்கள். சாதி வெறியால் உயிரிழந்த யார் பெயரையும் அவர் குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் பாடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

7. குழுவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கட்டும். ஒத்திகை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் ஒருவர் வீட்டில் சாப்பிடுங்கள். எந்த வீட்டில் சாதி பார்த்துத் தட்டு மாறுகிறதோ, அந்த வீட்டுப் பிள்ளையிடம் அன்றைக்கே பேசுங்கள்.

8. முதல் நிகழ்ச்சியைக் காலனியில் வையுங்கள். அடுத்ததை ஊர்த்தெருவில் வையுங்கள். மைக் செட்டுக்குக் காவல்துறை அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.