கேட்பாரற்ற சட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருநர்களின் வேலை உரிமை பற்றிக் கல்லூரியில் ஒரு கூட்டம் நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். "சட்டம்தான் 2019-லேயே வந்துவிட்டதே, இன்னும் எதற்குப் பிரசாரம்?" என்று தோழி ஒருத்தி கேட்டாளாம், உனக்குப் பதில் வரவில்லையாம். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாதவர்கள் இந்தப் பிரசாரத்தில் இறங்கவே கூடாது. ஓர் அநியாயம் தடையில்லாமல் நடக்கும்போது நம் ஊரில் "கேட்க ஆளில்லை" என்பார்கள். இந்தக் கடிதம் முழுக்க அந்த இரண்டு சொற்களைப் பற்றியதுதான். திருநங்கை என்பதற்காகவோ திருநம்பி என்பதற்காகவோ ஒருவருக்கு வேலை மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. மறுத்தால் யார் கேட்பது, கேட்டும் மசியாவிட்டால் என்ன நடக்கும் என்ற இடத்தில் அது வாயை மூடிக்கொள்கிறது. அந்த வாயைத் திறக்க வைப்பதுதான் இனி நடக்க வேண்டிய பிரசாரம்.

அடித்தளத்திலிருந்து தொடங்குவோம். 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி இருவரும் தீர்ப்பளித்தார்கள். தன் பாலினம் எது என்று தீர்மானிக்கும் உரிமை அந்தந்த மனிதருக்கே உண்டு என்பதும், அரசியல் சாசனத்தின் 15, 16-ஆம் பிரிவுகளில் 'பால்' என்று வரும் சொல் பாலின அடையாளத்தையும் சேர்த்தே குறிக்கும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். மகத்தான தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் அரசு வேலைகளில் சமவாய்ப்பைப் பேசும் 16-ஆம் பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும். ஜவுளிக்கடை முதலாளியையும், தனியார் பள்ளித் தாளாளரையும், மென்பொருள் கம்பெனியின் மனிதவள அதிகாரியையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. நம் நாட்டில் பெரும்பாலோர் பிழைப்பது அரசு வேலையில் இல்லை. ஆகவே தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் ஒன்று தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் 2019-இன் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜனவரி 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இனி அந்தச் சட்டத்தைக் கையிலெடுத்து வரிவரியாகப் பார். 9-ஆம் பிரிவு, ஆளெடுப்பு, பதவி உயர்வு உட்பட வேலை சம்பந்தப்பட்ட எதிலும் எந்த நிறுவனமும் திருநர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. 'நிறுவனம்' என்ற சொல்லுக்குள் அரசு அலுவலகம் மட்டுமன்றித் தனியார் கம்பெனி, கூட்டுறவுச் சங்கம், டிரஸ்ட் எல்லாம் அடக்கம். 11-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். 2020-இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: புகார் வந்த 15 நாளில் விசாரணை முடிய வேண்டும், சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாகக் காக்க வேண்டும். இதுவரை குறையே இல்லை. அடுத்து, தண்டனைகளைச் சொல்லும் 18-ஆம் பிரிவுக்கு வா. கட்டாய உழைப்பு வாங்குவது, பொது இடத்தில் நுழைய விடாமல் தடுப்பது, வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்துவது, உடலுக்கும் மனத்துக்கும் ஊறு செய்வது ஆகியவற்றுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. வேலை தர மறுப்பது அந்தப் பட்டியலில் குற்றமாக இடம்பெறவில்லை. புகார் அலுவலரை நியமிக்காத நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் அபராதம்கூட விதிக்கப்படவில்லை. வந்த புகாரை அலுவலர் கிடப்பில் போட்டால், நிறுவனத்துக்கு வெளியே மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் தனி ஏற்பாடு இல்லை.

இப்படித்தான் சட்டம் எழுத முடியும் என்று நினைத்துவிடாதே. பல் வைத்துச் சட்டம் எழுத நம் நாடாளுமன்றத்துக்கு நன்றாகவே தெரியும். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் வந்த சட்டத்தைப் பார். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி அதே தவற்றைச் செய்தால் அபராதம் இரட்டிப்பாகும், உரிமமே ரத்தாகலாம். சிறிய இடங்களில் வேலை செய்பவர்களுக்காக மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம், முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும் அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் என்கிறது. திருநர்களுக்கே வலுவான வரைவு ஒன்று கண்முன்னே இருந்தது. மாநிலங்களவை உறுப்பினராகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று அந்த அவையில் நிறைவேறியது. தேசிய, மாநில ஆணையங்களும் தனி நீதிமன்றங்களும் அதில் இருந்தன. கேட்பதற்கு ஆள் வைத்த மசோதா அது. மக்களவையில் அது நிறைவேறவே இல்லை. பிறகு அரசே கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டத்தில் அந்த நீதிமன்றங்களும் இல்லை, மாநில ஆணையங்களும் இல்லை. இந்த வரலாற்றை உன் தோழிக்குச் சொல். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஒரு சபை ஒருமுறை ஒப்புக்கொண்டதைத்தான் திரும்பக் கேட்கிறோம்.

கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு விண்ணப்பத் தாளை வைத்தே காட்டலாம். பெயர், தந்தை பெயர், அதற்குக் கீழே பாலினம்: இரண்டே கட்டங்கள். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினிக்கு முதல் முட்டுக்கட்டையானது அந்தக் கட்டம்தான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறினார், ஒருமுறை அல்ல, பலமுறை. 2015 நவம்பரில் தீர்ப்பு சாதகமாக வந்தது. 2017-இல் பணி நியமனம் கிடைத்தது. அவரால் அந்தப் போராட்டத்தை நடத்த முடிந்தது. கட்டத்தைப் பார்த்ததுமே தாளை மடித்து வைத்துவிட்டவர்களின் கணக்கு எந்த நீதிமன்றத்திலும் இல்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டினால் சான்றிதழ்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர். அதையும் தாண்டினால் நேர்காணல். அங்கே யாரும் "நீ திருநங்கை, அதனால் வேண்டாம்" என்று சொல்லமாட்டார்கள். "இடம் நிரம்பிவிட்டது", "அப்புறம் சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்காக டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் செய்யப்பட்டு 2017-இல் முடிந்த ஆய்வு, திருநர்களில் 92 சதவீதம் பேர் பொருளாதார நடவடிக்கைகளில் பங்கேற்கும் உரிமையே இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. கடைகடையாகக் கைதட்டிக் காசு கேட்பவர்களைப் பார்த்து "உழைத்துப் பிழைக்கக் கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு, அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை "சொல்லி அனுப்புகிறோம்" இருக்கின்றன என்பதை எடுத்துச் சொல்.

சட்டம் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2025 அக்டோபர் தீர்ப்பே சாட்சி. திருநங்கை ஆசிரியை ஒருவர் உத்தரப் பிரதேசத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலையை இழந்தார். குஜராத்தில் இன்னொரு பள்ளியில் வேலை கிடைத்தும் சேர முடியவில்லை. பள்ளியிலேயே, 15 நாளில் முடிந்திருக்க வேண்டிய புகார் அது. அதற்காக அவர் நாட்டின் கடைசி நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சட்டத்தைச் செயல்படுத்தாத அரசுகளைக் கண்டித்தது. சமவாய்ப்புக் கொள்கை வகுக்க முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழு அமைத்தது. நல்ல முடிவுதான். ஆனால் ஓர் ஆசிரியைக்கு நியாயம் கிடைக்க உச்ச நீதிமன்றம்தான் கதி என்றால், டெல்லிக்கு ரயில் டிக்கெட் எடுக்கவே கடன் வாங்க வேண்டியவருக்கு என்ன கதி?

கூட்டத்தில் உன்னை நோக்கி மறுப்புகள் வரும். அவற்றை எதிராளியின் தந்திரம் என்று தள்ளிவிடாதே. பல பேர் மனதார நம்பிச் சொல்வார்கள். "யாரை வேலைக்கு வைப்பது என்பது முதலாளியின் உரிமை இல்லையா?" என்பது முதல் கேள்வி. உரிமைதான். தகுதி, அனுபவம், நேர்காணலில் சொன்ன பதில் எதை வைத்தும் அவர் ஒருவரை ஒதுக்கலாம். பாலின அடையாளத்தை வைத்து மட்டும் ஒதுக்கக் கூடாது. சட்டம் கேட்பது காரணத்தைத்தான். "எனக்கு ஒன்றுமில்லை, வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள்" என்பது இரண்டாவது. இந்தக் குரலைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைகள் சொன்னதும் இதையேதான்: "நான் என்ன செய்ய, குடிக்க வருகிறவர்கள் ஒப்பமாட்டார்களே." வருகிறவர்களின் அருவருப்பைக் கடைக்காரர் தன் நியாயமாக்கிக் கொள்வதை நம் அரசியல் சாசனம் ஏற்கவில்லை. அங்கே ஏற்காததை இங்கே ஏற்க என்ன காரணம் இருக்கிறது? "பொய்ப் புகார் குவியும்" என்பது மூன்றாவது. இரு தரப்பையும் கேட்டு, ஆவணங்களைப் பார்த்து முடிவெடுக்கும் விசாரணையே பொய்ப் புகாருக்கு மருந்து. விசாரணையே இல்லாதபோதுதான் வதந்தி வளரும். "தனிக் கழிப்பறைக்குச் சின்னக் கடைக்காரர் எங்கே போவார்?" என்றும் கேட்பார்கள். உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் ஓர் அறை, கதவில் யாரும் பயன்படுத்தலாம் என்று ஓர் அட்டை. நம் வீடுகளில் ஆணும் பெண்ணும் ஒரே கழிப்பறையைத்தானே புழங்குகிறோம்?

மறுப்புகளிலேயே கனமானது, "சட்டம் போட்டு மனதை மாற்ற முடியுமா?" என்பதுதான். இதில் பாதி உண்மை இருப்பதை ஒப்புக்கொள். 2017-இல் கொச்சி மெட்ரோ இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களை வேலைக்கு எடுத்து நாடு முழுவதும் பாராட்டுப் பெற்றது. சில வாரங்களிலேயே எட்டுப் பேர் விலகினார்கள். வேலை இருந்தது, குடியிருக்க வாடகை வீடு கிடைக்கவில்லை. லாட்ஜில் தங்கிச் சம்பளத்தைக் கரைக்க அவர்களால் முடியவில்லை. வேலைச் சட்டம் மட்டும் போதாது, வீட்டுக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அது நீள வேண்டும் என்பதற்கு இது சான்று. வேலைச் சட்டமே வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. மனம் மாறக் காத்திருப்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல். பழகாமல் மனம் மாறாது. பக்கத்து மேசையில் உட்கார விடாமல் பழக முடியாது. மனம் மாறுவதற்கான இடத்தைச் சட்டம்தான் திறந்துவிட முடியும்.

"இப்போதைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொள்வோம், மற்றவர்களைப் பிறகு சேர்க்கலாம்" என்று நண்பர்களே சொல்வார்கள். இதற்கு அமெரிக்கா ஒரு பாடம். ஒருபாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் வேலையில் பாதுகாக்க அங்கே ஒரு மசோதா இருந்தது. 2007-இல், திருநர்களை விட்டுவிட்டால் ஓட்டு கிடைக்கும் என்று பாலின அடையாளத்தை அதிலிருந்து எடுத்தார்கள். கீழ்சபையில் 235-க்கு 184 என்று நிறைவேறிய அந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. கடைசியில் 2020 ஜூன் 15 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரு சாராரையும் சேர்த்தே பாதுகாத்தது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான வழக்குகளுள் ஒன்று, வேலை இழந்த திருநங்கையான ஏமி ஸ்டீபன்ஸுக்காகத் தொடுக்கப்பட்டது. தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு அவர் இறந்துபோயிருந்தார். சிலரை வழியில் இறக்கிவிட்ட வண்டி ஊர் போய்ச் சேரவில்லை என்பதைக் கூட்டத்தில் மறக்காமல் சொல்.

ஆகவே உன் கூட்டம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு. வேலையில் பாகுபடுத்தினால் அபராதமும் இழப்பீடும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு வெளியே, மாவட்ட அளவில் மேல்முறையீடு கேட்கும் அமைப்பு வேண்டும். பாகுபாடு நடந்ததற்கு முதல்நிலை ஆதாரம் காட்டிவிட்டால், வேறு காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கு மாற வேண்டும். பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் அப்படித்தான் செய்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் சின்னக் கடை ஊழியர்களும் விடுபடக் கூடாது. இந்த நான்கையும் நீயாக எழுதி முடித்துவிடாதே. திருநங்கைகளும் திருநம்பிகளும் உட்கார்ந்து திருத்திய பிறகே அச்சுக்குப் போகட்டும். நேர்காணல் அறையில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மேடைக்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டி உங்கள் நகராட்சிக்கு, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு, பொதுத்துறை வங்கிக்கு ஒரு மனு போடு. "திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி உங்கள் நிறுவனம் நியமித்துள்ள புகார் அலுவலரின் பெயர் என்ன? எந்தத் தேதியில் நியமித்தீர்கள்?" இரண்டே வரி. முப்பது நாளில் பதில் தர வேண்டும். உன் கல்லூரி முதல்வரிடமும் அதே இரண்டு வரியை எழுதிக் கொடு. வரும் பதில்களையும் வராத பதில்களையும் ஒரே அட்டவணையாக்கிக் கூட்டத்தில் வாசி. "சட்டம்தான் வந்துவிட்டதே" என்று கேட்ட உன் தோழியையே வாசிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. கேட்க ஆளில்லை என்ற நிலை, முதல் ஆள் கேட்கும்போதுதான் மாறத் தொடங்கும்.

அன்புடன்,
உன் அக்கா