அம்மா பட்டறையில், பாப்பா எங்கே?

கேள்வி: விருத்தாசலம் செராமிக் பட்டறையில் அகல் விளக்குக்கு மெருகு பூசும் வேலை. மகளுக்கு இரண்டரை வயது. தனியார் காப்பகத்துக்குக் கட்டக் காசில்லை. கூடவே தூக்கிப் போகிறேன். அரசு உதவி ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

உண்டு, சகோதரி. நாளைக் காலையே பக்கத்து அங்கன்வாடிக்குப் போங்கள். 2 வயது நிரம்பிய பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். பைசா கட்ட வேண்டாம். மதியம் சூடான சோறு, வாரம் 3 முட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு. ஆதாரும் தடுப்பூசி அட்டையும் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

பட்டறைக்குத் தூக்கிப் போவதை மட்டும் உடனே நிறுத்துங்கள். காய்ந்த மண்ணைப் பெருக்கும்போது வெள்ளையாக எழும்புகிறதே, அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்கு ஆகாது. தரையில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளையின் மூக்குக்கு அது இன்னும் பக்கம்.

அங்கன்வாடி மூடியபின் உங்கள் வேலை முடியும்வரை என்ன செய்வது? அதுதான் பெரிய சிக்கல். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்கிறது சட்டம். சிறிய பட்டறைகளுக்கு அது எட்டாது, பெரிய குறைதான். ஆனால் மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்த்தே காப்பகம் நடத்த வழி இருக்கிறது: 6 மாதம் முதல் 6 வயது வரை, நாளுக்கு ஏழரை மணி நேரம். பட்டறைப் பெண்கள் பத்துப் பேராகச் சேர்ந்து குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனுக் கொடுங்கள். கடலூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.