இருவகைத் தூது

தூது செல்வோரை இருவகையினராகப் பிரிக்கலாம். செய்தியை உரியவரிடம் சேர்ப்பித்து, சேர்ந்தது என்னும் மறுமொழியுடன் மீள்வோர் ஒருவகையினர். கூவியறிவித்துவிட்டு மேற்செல்வோர் மற்றொருவகையினர். இணையத்தில் செய்திகளைக் கொண்டுசெல்லும் நெறிமுறைகளுள்ளும் இவ்விருவகையும் உள. முன்னதை டி.சி.பி. என்றும், பின்னதை யு.டி.பி. என்றும் வழங்குவர். இவற்றின் இயல்பினை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இணையம் எச்செய்தியையும் சிறுசிறு பொதிகளாகப் பகுத்தே அனுப்புகின்றது. வழியில் சில தொலைதலும், முன்பின் மாறி வருதலும் உண்டு. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட கட்டுரையினின்று வளர்ந்த டி.சி.பி. இக்குறையை நீக்குகின்றது. இரு கணினிகளும் முதற்கண் மூன்று செய்திகளால் தம்முள் இணக்கங்கொள்ளும். பின்னர், அனுப்பும் கணினி ஒவ்வொரு பைட்டிற்கும் வரிசையெண் தரும். பெறுங் கணினி ஒப்புகை விடுக்கும். குறித்த காலத்துள் ஒப்புகை வாராவிடின், அப்பகுதி மீண்டும் அனுப்பப்படும்.

1980இல் வகுக்கப்பெற்ற யு.டி.பி.யோ இவற்றுள் ஒன்றும் செய்வதில்லை. அதன் தலைப்பகுதி 8 பைட்டே, டி.சி.பி.யினது குறைந்தது 20 பைட்டு. 1939இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய வானொலி நிலையம் நேயர் ஒவ்வொருவரையும் 'கேட்டீரோ?' என வினவி நிற்பதில்லை யன்றோ?

எனின், பின்னது தாழ்ந்ததோ? அன்று. காவிரி முக்கொம்பிற் பிரிந்து, ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிச் செல்கின்றது. 2018 ஆகஸ்டில் ஆண்டுக் கொள்ளிடத்து மதகுகள் சில வெள்ளத்தில் வீழ்ந்தமையை நம்மூரார் மறவார். அத்தகைய நாளில் நீர்மட்ட அளவு நொடிக்கொன்றாக வருவதாகக் கொள்வோம். ஓரளவு தொலையின், அடுத்தது உடனே வரும். பழையதைத் தேடிப் புதியதை நிறுத்திவைத்தல் பேதைமை. இதற்கு யு.டி.பி.யே தகும். ஆயின், 'இத்தனை மதகு திறக்க' என்னும் ஆணையும், 'கரையோரத்தார் வெளியேறுக' என்னும் அறிவிப்பும் ஓரெழுத்தும் குறையாது சேர்தல் வேண்டும். இவற்றிற்கு டி.சி.பி.யே தகும்.

எனினும், ஒன்று கருதற்பாலது. டி.சி.பி.யின் ஒப்புகை, செய்தி கணினியைச் சேர்ந்தமைக்கே சான்று. மதகுக் காவலர் அதனைப் படித்தமைக்குச் சான்றன்று. அம்மறுமொழியை மனிதரே தரல்வேண்டும்.

ஆதலின், தாமதத்தாற் கெடுவது யாது, குறைவாற் கெடுவது யாது என முதற்கண் வினவி, அதற்கேற்ற தூதினைத் தெரிந்துகொள்ளுதல் இத்துறை பயிலும் மாணாக்கர் கடனாகும்.